எங்கோ கடலில்

2025 அக்டோபரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் எஸ்பெரன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வார்ட்டன் கடற்கரையில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் கண்ணில் பழைய பாட்டில் ஒன்று பட்டது. கனத்த கண்ணாடியில் செய்த ஷ்வெப்ஸ் பாட்டில். உள்ளே பென்சிலால் எழுதிய இரண்டு கடிதங்கள். காகிதம் நனைந்திருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. தேதி 1916 ஆகஸ்ட் 15.

எழுதியவர்கள் இருவரும் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள். மால்கம் நெவிலுக்கு 27 வயது, வில்லியம் ஹார்லிக்கு 37. ஆகஸ்ட் 12 அன்று அடிலெய்டிலிருந்து புறப்பட்ட பல்லாரட் என்ற துருப்புக் கப்பலில் இருந்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்டுக்கொண்டிருந்த 48ஆவது காலாட்படைப் பட்டாளத்துக்குக் கூடுதல் ஆட்களாகப் போகிறவர்கள். அந்தப் பட்டாளம் ஒரு வாரத்துக்கு முன்புதான் போசியேர் கிராமத்தில் பயங்கரமான பீரங்கித் தாக்குதலில் சிக்கி நூற்றுக்கணக்கான ஆட்களை இழந்திருந்தது. அந்த இடங்களை நிரப்பத்தான் இப்படிக் கப்பல் கப்பலாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நெவில் தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். அம்மா இருந்தது தெற்கு ஆஸ்திரேலியாவில் வில்காவாட் என்ற சிற்றூரில். இன்று அங்கே ஊர் என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லை. பாட்டிலைக் கண்டெடுப்பவர் இதை என் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, செய்தியை எழுதுகிறார். ரொம்ப நன்றாகப் பொழுது போகிறது. சாப்பாடு இதுவரை நன்றாகவே இருக்கிறது. ஒரே ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் வாயில் வைக்க முடியாமல் போனதால் அதைக் கடலில் அடக்கம் செய்துவிட்டோம். கப்பல் ஏறி இறங்கி உருளுகிறது, ஆனாலும் எங்கள் சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவுதான் சாரம். இடம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எங்கோ கடலில்’ என்று போட்டிருக்கிறார்.

ஹார்லியின் கடிதம் யாருக்கு என்பதுதான் என்னை நிறுத்தியது. அவருடைய அம்மா 1916க்கு முன்பே இறந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நண்பன் அம்மாவுக்கு எழுதுகிறான். இவருக்கு எழுத அம்மா இல்லை. அதனால் பாட்டிலைக் கண்டெடுக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கே எழுதிவிட்டார். நாங்கள் இப்போது எவ்வளவு நலமாக இருக்கிறோமோ அவ்வளவு நலமாக இதைக் கண்டெடுப்பவரும் இருக்கட்டும் என்கிறார். கடிதத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். ‘எங்கோ வளைகுடாவில்’ என்பது அவர் கொடுத்திருக்கும் முகவரி. ஆஸ்திரேலியாவின் தெற்கே வில்லாக வளைந்து கிடக்கும் அந்தப் பெரிய வளைகுடாவைத்தான் அப்போது கப்பல் கடந்துகொண்டிருந்தது.

நெவில் 1917இல் போரில் கொல்லப்பட்டார். வயது 28. ஹார்லி இரண்டு முறை காயம்பட்டும் உயிரோடு ஊர் திரும்பினார். 1934இல் அடிலெய்டில் புற்றுநோயால் இறந்தார். பதுங்குகுழியில் சுவாசித்த நச்சுவாயுதான் காரணம் என்று அவருடைய குடும்பம் நம்புகிறது. அவர்களைச் சுமந்து போன பல்லாரட் கப்பலுக்கும் நல்ல முடிவு இல்லை. 1917 ஏப்ரல் 25 அன்று வேறொரு தொகுதி ஆஸ்திரேலியச் சிப்பாய்களோடு இங்கிலாந்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜெர்மன் நீர்மூழ்கி எய்த டார்பிடோ தாக்கி, மறுநாள் மூழ்கியது. டார்பிடோ தாக்கிய நாள், துருக்கியின் கலிபோலியில் ஆஸ்திரேலியர்கள் கரையிறங்கிய இரண்டாம் ஆண்டு நினைவு நாள். அந்த நாளுக்கான நினைவுக் கூட்டத்துக்குக் கப்பலில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கப்பலில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் காப்பாற்றப்பட்டார்கள். துருப்புக் கப்பல்களின் வரலாற்றில் இப்படி ஒரு வரியை எழுத அடிக்கடி வாய்ப்பதில்லை.

பாட்டில் 109 ஆண்டுகள் கடலில் மிதந்திருக்காது என்கிறார்கள். வெளிப்பக்கம் கடல் சிப்பிகள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்படி மிதந்திருந்தால் காகிதமும் இந்த நிலையில் இருந்திருக்காது. சில வாரங்களிலேயே கரை சேர்ந்து மணல்மேட்டுக்குள் புதைந்துபோய், சமீபத்திய பேரலைகள் மணலை அரித்தபோது வெளியே வந்திருக்க வேண்டும். அதாவது, எழுதிய கை துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தபோதே கடிதம் சொந்த நாட்டின் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

போர்க் கடிதங்கள் என்றால் பதுங்குகுழியிலிருந்து எழுதியவற்றைத்தான் எல்லோரும் தேடிப் படிப்பார்கள். சேறு, எலி, குண்டு, பக்கத்தில் செத்துக் கிடக்கும் நண்பன் எல்லாம் அவற்றில் இருக்கும். கப்பலில் எழுதிய கடிதங்களை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சாப்பிட்டேன், வாந்தி எடுத்தேன், மீன் துள்ளுவதைப் பார்த்தேன் என்பதற்கு மேல் அவற்றில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. ஒரு சிப்பாய் எழுதும் கடிதங்களிலேயே மிகவும் தனித்துப்போய் எழுதப்படுவது கப்பல் கடிதம்தான். ஏனென்றால் அதற்குப் பதில் போட வழியே கிடையாது.

யோசித்துப் பாருங்கள். பயிற்சி முகாமிலிருந்து எழுதினால் வீட்டிலிருந்து பதில் வரும். போர்முனையிலிருந்து எழுதினாலும், தாமதமாகவாவது, பதில் வரும். கப்பலில் இருப்பவனுக்கு விலாசம் இல்லை. இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்க மாட்டான். எந்தத் துறைமுகத்தில் நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் ரகசியம். ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து போட்ட கடித உறைகளில் எண், பதவி, பெயர், பட்டாளம், ஆஸ்திரேலிய ஏகாதிபத்தியப் படை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘வெளிநாடு’ என்று எழுதினார்கள். விலாசமே அவ்வளவுதான். உலகத்தில் எங்கோ இருக்கிறான், தேடிக் கொடுங்கள் என்று ராணுவத் தபாலிடம் ஒப்படைப்பது போல.

இந்தப் பக்கத்திலிருந்து போகும் கடிதமும் லேசில் போகாது. சிப்பாய் உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். அவனுடைய அதிகாரியே உட்கார்ந்து படிப்பார். கப்பலின் பெயர், இடம், துணைக்கு வரும் போர்க்கப்பல்கள் என்று எது கண்ணில் பட்டாலும் அடித்துவிடுவார். அதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர்கள் தாங்களே ‘எங்கோ கடலில்’ என்று போட்டுவிடுவார்கள். அடுத்த துறைமுகம் வரும்வரை மூட்டை கப்பலிலேயே கிடக்கும். அங்கே இறக்கிய பிறகு, எதிர்த்திசையில் போகும் தபால் கப்பலுக்காகக் காத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடிதம் வந்து சேர ஒன்றரை மாதம் போலப் பிடித்த காலம் அது.

ஆனால் தந்தி அப்படியல்ல. கடலடிக் கம்பிவழி ஓரிரு நாளில் உலகத்தைச் சுற்றிவிடும். மகன் செத்த செய்தி தந்தியில் வரும். அவன் உயிரோடு இருந்தபோது எழுதியது கப்பலில் வரும். இதன் விளைவை ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அனுபவித்தன. ஆஸ்திரேலியாவில் மரணச் செய்தியை வீட்டுக்குச் சொல்லும் வேலை பெரும்பாலும் ஊர்ப் பாதிரியாருக்குத்தான் விழுந்தது. பாதிரியார் தெருவில் நடந்து வந்தாலே, எந்த வீட்டு வாசலில் நிற்பாரோ என்று பெண்கள் பதறினார்கள். அழுது, துக்கம் கேட்டு, எல்லாம் ஓய்ந்த பிறகும் வாரக்கணக்கில் தபால்காரர் வந்துகொண்டே இருப்பார். நான் சுகம், கவலைப்படாதே அம்மா என்று அதே கையெழுத்து. இதற்குமேல் இரண்டு மாதங்கள் அந்த வீட்டில் எப்படி விடிந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதே ஏக்கம் இன்னொரு பாட்டிலில் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. 1914 செப்டம்பர் 9. போர் தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. டர்ஹாம் இலகு காலாட்படையின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த தாமஸ் ஹியூஸ் என்ற ஆங்கிலேயச் சிப்பாய் பிரான்சுக்குப் போகும் கப்பலிலிருந்து ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டிலைக் கடலில் போட்டார். உள்ளே இரண்டு காகிதம். ஒன்று கண்டெடுப்பவருக்கு: ஐயா, அம்மா, இளைஞரே, இளம்பெண்ணே, யாராக இருந்தாலும் இந்தக் கடிதத்தைச் சேர்ப்பித்து, போர்முனைக்குப் போகும் ஓர் ஏழைச் சிப்பாயின் ஆசியைப் பெறுங்கள் என்று. மற்றொன்று மனைவிக்கு. கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன்னிடம் வந்து சேருகிறதா என்று பார்ப்பதற்காகவே கடலில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்து ஒரு காரியம் செய்கிறார். சேர்ந்துவிட்டால் உறையின் வலப்பக்கக் கீழ் மூலையில், ரசீது என்று இருக்கும் இடத்தில், கையெழுத்துப் போடு. வந்து சேர்ந்த தேதியையும் மணியையும் எழுது. பத்திரமாக வைத்துக்கொள் என்கிறார்.

நம் ஊரில் ரிஜிஸ்டர் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோமே, கிட்டத்தட்ட அதேதான். அலுவலகக் காகிதங்களுக்கு நாம் செய்ததை, ஒரு மனிதன் நடுக்கடலில் மனைவிக்கு எழுதும் நாலு வரிக் கடிதத்துக்குச் செய்திருக்கிறான். அந்த ரசீது அவனிடம் திரும்பி வரவே முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உலகத்தில் எங்காவது ஓர் அத்தாட்சி இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். நான் இதுவரை படித்த காதல் கடிதங்களில் இதைவிட உண்மையான வரி எதையும் பார்த்ததில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஹியூஸ் பிரான்சில் இறந்துவிட்டார். பாட்டில் 1999 மார்ச்சில் தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில், எசெக்ஸ் கரைக்கு அப்பால் ஒரு மீனவரின் வலையில் சிக்கியது. மனைவி 1979இலேயே காலமாகிவிட்டார். ஹியூஸ் போருக்குப் போனபோது நடை பழகும் வயதில் இருந்த மகள், 86 வயதில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்தார். நியூசிலாந்துத் தபால் துறை அந்த மீனவரையே வரவழைத்தது. 85 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நேரில் போய் அந்த மகளின் கையில் கடிதத்தைக் கொடுத்தார்.

சரி, கப்பலில் நாள் முழுக்க என்னதான் செய்தார்கள்? பயணிகள் கப்பலையோ சரக்குக் கப்பலையோ அவசரமாக மாற்றியமைத்து ஆயிரக்கணக்கில் ஆட்களை அடைத்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் நீள மேசைகள் போட்டிருக்கும். அங்கேதான் சாப்பாடு, சீட்டாட்டம், கடிதம் எழுதுவது எல்லாம். இரவானால் அதே மேசைகளுக்கு மேலே கூரைக் கொக்கிகளில் துணித்தொட்டில்களை மாட்டி, தோளோடு தோள் இடிக்கப் படுப்பார்கள். கப்பல் சாய்ந்தால் அத்தனை தொட்டில்களும் ஒன்றாகச் சாயும். முதல் சில நாட்கள் பாதிப்பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். அப்புறம் உடற்பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி, டைபாய்டு ஊசி, குத்துச்சண்டைப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி. நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது கடல்தேவன் வேஷம் போட்டு, முதல்முறை தாண்டுகிறவர்களைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் சடங்கு. இரவில் விளக்கு கூடாது. தளத்தில் சிகரெட் நெருப்புகூடத் தெரியக் கூடாது. குதிரைகளை ஏற்றிய கப்பல்களில் வேலை இன்னும் கடுமை. வாரக்கணக்கில் நின்றபடியே வரும் அந்த விலங்குகளின் கால்களைத் தேய்த்துவிட வேண்டும், சாணியும் மூத்திரமும் சேர்ந்த அந்தக் கீழ்த்தளத்தைக் கழுவ வேண்டும்.

நெவிலின் கடிதத்தைச் செய்தியில் படித்தவர்கள் பலர், பாவம், என்ன வரப்போகிறது என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு போயிருக்கிறான் என்று எழுதினார்கள். அந்தப் பரிதாபத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1916 ஆகஸ்டில் அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கலிபோலி முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் இறந்தவர் பட்டியல் தினமும் வந்துகொண்டிருந்தது. அவர்கள் தெரிந்தேதான் போனார்கள். அப்படியிருந்தும் அந்தக் கடிதம் அப்படி இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சந்தோஷம் நிஜமாகவே இருந்தது. கோதுமை வயலை விட்டு எங்கும் போகாத பையன்களுக்கு அதுதான் முதல் கடல், முதல் வெளிநாட்டுப் பயணம். ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கு நாளுக்கு 6 ஷில்லிங் சம்பளம். அதனால் அவர்களை ‘ஆறு ஷில்லிங் சுற்றுலாக்காரர்கள்’ என்றே கூப்பிட்டார்கள். இரண்டாவது, அம்மாவுக்கு எழுதும்போது எந்த மகன்தான் பயத்தை எழுதுவான்? கெட்டுப்போன சாப்பாட்டைக்கூட ஒரு வேடிக்கையாக மாற்றித்தான் அம்மாவுக்குக் கொடுக்கிறான். அதைப் படித்து அவள் ஒரு தடவை சிரித்தால் போதும் அவனுக்கு. அதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அது அவன் அவளுக்காகச் செய்த வேலை.

தான் எங்கே போகிறோம் என்பதே தெரியாமல் எழுதியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அனுப்பிய முதல் படை 1914 நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து கிளம்பியது. 36 கப்பல்கள், இரண்டு நாள் கழித்து பிரீமேண்டிலிலிருந்து இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஏறக்குறைய 30,000 பேர், ஆயிரக்கணக்கான குதிரைகள். இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்கப்போகிறோம் என்று வீட்டுக்கு எழுதினார்கள். நடுவழியில் துருக்கி போரில் இறங்கியது. இங்கிலாந்தில் முகாம்களும் தயாராக இல்லை. செங்கடலில் போய்க்கொண்டிருந்தபோது, எகிப்தில் இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அலெக்சாண்ட்ரியாவில் இறங்கினார்கள். அங்கிருந்துதான் கலிபோலி. கிறிஸ்துமஸுக்கு லண்டனில் இருப்பேன் என்று எழுதிய கடிதம் ஆஸ்திரேலிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது எழுதியவர் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் மணலில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தின் நடுவே, நவம்பர் 9 அன்று காலை, கோகோஸ் தீவின் தந்தி நிலையத்திலிருந்து அபாயச் செய்தி வந்தது. அடையாளம் தெரியாத போர்க்கப்பல் ஒன்று வாசலில் நிற்கிறது என்று. துருப்புக் கப்பல்கள் அப்போது அங்கிருந்து ஐம்பது மைல் போலத்தான் தள்ளியிருந்தன. காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் பிரிந்து விரைந்தது. நின்றிருந்தது எம்டன்! அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். முற்பகலிலேயே, எம்டன் தரைதட்டி முடிந்துபோனது என்று சிட்னியிலிருந்து செய்தி வந்தது. துருப்புக் கப்பல்களில் ஒரே கொண்டாட்டம்.

ஆனால் அடுத்த வாரம் கொழும்பில் நடந்ததைத்தான் நான் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். காயம்பட்டுப் பிடிபட்ட ஜெர்மானியர்களைச் சுமந்துகொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. நங்கூரமிட்டு நின்ற அத்தனை கப்பல்களின் ஓரத்திலும் சிப்பாய்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சிட்னியின் தலைவர் கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், யாரும் ஆரவாரம் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள், தங்களைக் கொல்ல வந்திருக்கக்கூடிய எதிரியை வென்ற கப்பல் கண்ணெதிரே போகும்போது, ஒரு சத்தமும் போடாமல் நின்றார்கள். எம்டனின் தலைவர் வான் முல்லர் இதைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோனார்.

எம்டனால் காத்துக் கிடந்த கப்பல்கள் நம் பக்கத்திலும் இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்களைத் தாக்குவதற்கு இந்தியாவிலிருந்து 8,000 பேர் கொண்ட படை ஒன்று போனது. அதில் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் எம்டன் எங்கே திரிகிறது என்று தெரியாததால் பம்பாயில் புறப்பாடு தள்ளிப்போனது. சில பிரிவுகள் முன்பே கப்பலில் ஏற்றப்பட்டு, துறைமுகத்திலேயே வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தன. அக்டோபர் 16 அன்று கிளம்பி, நவம்பர் தொடக்கத்தில் இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்கு வந்தார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல்நோயில் துவண்டுபோனவர்களை ஓய்வு கொடுக்காமல் நேராகச் சண்டையில் இறக்கினார்கள். எதிரே சுமார் ஆயிரம் பேர்தான், ஆனால் அந்தக் காட்டை நன்கு அறிந்தவர்கள். இரண்டு நாளில் தோல்வி. துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த காட்டுத்தேனீக்கள் வேறு கொட்டித் தீர்த்தன. 800க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயம்பட்டும் போனார்கள். பிறகு பழியைச் சிப்பாய்கள் மேல் போட்டார்கள். சென்னை மாகாணத்துக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று வெள்ளை அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அந்தப் பழியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நிற்கத் தெம்பில்லாதவர்களை இறக்கியவர்கள் யார்?

அந்தக் கப்பல்களிலிருந்து எழுதிய ஒரு தமிழ்க் கடிதத்தைக்கூட நான் பார்த்ததில்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். பெரும்பாலான சிப்பாய்களுக்கு யாராவது எழுதித் தர வேண்டும். வீட்டில் யாராவது படித்துக் காட்ட வேண்டும். பிரான்சில் சண்டையிட்ட பஞ்சாபி, பட்டாணிய, கார்வாலிச் சிப்பாய்களின் கடிதங்கள் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் தணிக்கை அலுவலகம். கேப்டன் ஹவல் என்பவரின் பொறுப்பில் இருந்த அந்த அலுவலகம் இந்தியர்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தணிக்கைக்காரரின் கண்ணுக்குத் தப்ப, இந்தியப் படைகளைக் கருமிளகு என்றும் வெள்ளையர் படைகளைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். கருமிளகு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தணிக்கைக்காரருக்கு அது புரிந்தும்விட்டது. அதனால்தான் நமக்கும் தெரிகிறது.

எங்கள் சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். கடல் கடந்து போனவரில்லை, எல்லையில்தான் பெரும்பாலான காலம். அவருடைய விலாசத்திலும் ஊர் இருக்காது. எண், பெயர், படைப்பிரிவு, கடைசியில் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம். ராஜஸ்தானில் இருந்தாலும் அதே, காஷ்மீரில் இருந்தாலும் அதே. பாட்டிக்கு வரும் கடிதம் எப்போதும் ‘நான் இங்கு நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்கும். அப்பா சத்தமாகப் படிப்பார். பாட்டி அந்த முதல் வரியையே இரண்டாம் முறை படிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு வரும் மணியார்டர் விவரம், லீவு விவரம், மாட்டை விற்றாயிற்றா என்ற கேள்வி எல்லாம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியாது. “நல்லா இருக்கேன்னுதானப்பா எழுதியிருக்கான்?” என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்வார். ஹார்லி முகம் தெரியாத ஒருவருக்கு எழுதியதும் அதே வரிதான். வில்காவாட்டில் இருந்த அந்த அம்மாவும் நெவிலிடமிருந்து அந்த ஒரு வரியைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

எழுத வந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ராணுவத்தில் இருந்தவர்களின் கடிதங்கள் இருக்கலாம். தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கம் கிராமம் கிராமமாக இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியிலோ, ஓலைச்சுவடியோடும் பத்திரத்தோடும் சேர்த்துக் கட்டிய துணிமூட்டையிலோ கிடக்கும். சாதாரணக் கடிதம்தானே, நலம் விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான் என்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். உறையையும் எறிய வேண்டாம். அதன் மேல் உள்ள அஞ்சல் முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் வைத்து, கடிதத்தில் எழுத அனுமதியில்லாத இடத்தைக்கூட ஆராய்ச்சியாளர்களால் சில சமயம் கண்டுபிடிக்க முடியும். இன்லண்டு லெட்டர் மடிப்புகளில்தான் முதலில் கிழியும். மெதுவாகப் பிரித்து, வெளிச்சத்தில் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, அதில் வரும் பெயர்கள் யார் யார் என்பதை, சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, கடிதத்தோடு வையுங்கள்.